பழைய முதியோர் குடியிருப்பு: புதுப்பிப்பதா, இடிப்பதா, கட்டம் கட்டமாகக் கட்டுவதா?

அமெரிக்காவில் குறைந்த வாடகை முதியோர் குடியிருப்புகள் பல 1960களிலும் 70களிலும் எழுந்தவை. 1959ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 202ஆம் பிரிவு, தேவாலயங்கள் சார்ந்த அமைப்புகள் உட்பட லாபநோக்கமில்லாத அமைப்புகளுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுத்தது. உள்ளூர் வீட்டுவசதி வாரியங்களும் தங்கள் பங்குக்குக் கட்டின. அந்தக் கட்டடங்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. குழாய்கள் அரித்துவிட்டன, லிஃப்ட் இருந்தால் ஒன்றுதான், அதுவும் மாதம் ஒருமுறை நின்றுவிடும். ஆகவே ஊருக்கு ஊர் மறுகட்டுமானத் திட்டங்கள் கிளம்புகின்றன. பக்கத்துத் தெருவில் வீடு வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கும் நகராட்சியிலிருந்து அட்டை வருகிறது: இன்ன தேதியில் திட்டக் குழுவின் பொது விசாரணை, கருத்துச் சொல்லலாம். பலர் அதைப் பீட்சா விளம்பரங்களோடு சேர்த்துக் குப்பையில் போடுகிறார்கள். மற்றவர்கள் போய்ப் பார்க்கிங் பற்றி மட்டும் பேசிவிட்டு வருகிறார்கள்.

பார்க்கிங் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரித் திட்டத்தில் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இப்போது அங்கே குடியிருப்பவர் வேலை நடக்கும்போது எங்கே தூங்குவார், முடிந்ததும் திரும்பி வருவாரா? எத்தனை மாடி, எத்தனை வீடு, முகப்பு என்ன நிறம் எல்லாம் அதற்குப் பிறகு. இரண்டரை வருடக் கட்டுமானம் என்பது நாற்பது வயதுக்காரருக்குக் கொஞ்சம் இரைச்சல். எண்பத்து நான்கு வயதுக்காரருக்கு அதுவே மிச்சமிருக்கும் காலத்தில் பெரிய பங்கு. எந்த வழி நல்லது என்பதை அந்தக் கணக்கை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும்.

பேச வசதியாக ஒரு கற்பனை இடத்தை வைத்துக்கொள்வோம். 80 வீடுகள், 1970களின் தொடக்கத்தில் கட்டியது, முன்னால் பாதி காலியாகக் கிடக்கும் பெரிய பார்க்கிங் தளம். புது ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டதால் இப்போது 72 வீடுகளில்தான் ஆள் இருக்கிறார்கள்.

இருக்கும் கட்டடத்தையே புதுப்பிப்பது

கேட்டவுடன் எல்லோருக்கும் பிடிக்கும் வழி இது. உயரத்துக்காகச் சண்டை இல்லை, செலவு பெரும்பாலும் குறைவு, யாரும் வெளியேற வேண்டாம். கடைசியாகச் சொன்னது மட்டும் முழு உண்மை இல்லை.

அடுக்குமாடிக் கட்டடத்தில் சமையலறைகளும் குளியலறைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே குழாய்த் தூணில் தொங்குகின்றன. அந்தக் குழாயை மாற்ற வேண்டுமென்றால் மேலிருந்து கீழ்வரை அந்த வரிசை முழுவதற்கும் தண்ணீர் நிற்கும். எனவே ஒப்பந்ததாரர் வரிசை வரிசையாகத்தான் வேலை செய்வார். அந்த வரிசைக்காரர்கள் காலியாக வைத்திருக்கும் வீடுகளுக்குச் சில வாரம் போக வேண்டும், அல்லது காலை எட்டு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டு மாலைவரை பொது அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நினைவு மங்கிய ஒருவருக்கு அந்த ஒன்பது மணி நேரம் எப்படிப் போகும்? ஆக்ஸிஜன் இயந்திரம் வைத்திருப்பவருக்குப் பொது அறையில் எந்தப் பிளக்? சுவரில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தாலோ, 1978இல் தடை வருவதற்கு முன் பூசிய ஈயப் பெயின்ட் இருந்தாலோ, வேலை நடக்கும்போது ஆள் இருக்கவே கூடாது. ஒற்றை லிஃப்டைப் புதுப்பிக்கும் வாரங்களில் நான்காம் மாடிக்காரர் டயாலிசிஸுக்கு எப்படிக் கீழே இறங்குவார் என்பதைத் திட்ட அறிக்கையில் தேடிப் பாருங்கள். பல அறிக்கைகளில் அந்த இடம் வெறுமனே இருக்கும்.

இரண்டாவது சிக்கல், சுவர்கள். 1988இல் திருத்திய நியாய வீட்டுவசதிச் சட்டப்படி, 13 மார்ச் 1991க்குப் பிறகு முதலில் குடியேறிய லிஃப்ட் கட்டடங்களில் எல்லா வீடுகளிலும் சக்கர நாற்காலி நுழையும் கதவும், பின்னால் பிடிகம்பி மாட்டத் தாங்கும் குளியலறைச் சுவரும் இருந்தாக வேண்டும். பழைய கட்டடத்துக்கு அந்த விதி பொருந்தாது. மத்திய அரசு நிதி இருந்து, செலவு புதிதாகக் கட்டும் செலவில் முக்கால் பங்கைத் தொட்டால் 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு வரும்: 5 சதவீத வீடுகள் நடமாட்டச் சிரமம் உள்ளவர்களுக்கு, 2 சதவீதம் பார்வை அல்லது செவிக் குறைபாடு உள்ளவர்களுக்கு. நம் 80 வீட்டுக் கணக்கில் நாலும் இரண்டும், மொத்தம் ஆறு வீடு. மிச்சம் 74 வீட்டில் குறுகலான குளியலறையும், கால் தூக்கி ஏற வேண்டிய தொட்டியும் அப்படியே இருக்கலாம். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப 5 அடி வட்டம் வேண்டும். தொட்டியும் கழிப்பறையும் போக அந்த இடம் பழைய குளியலறைகளில் கிடையாது. சுவரைத் தள்ளினால்தான் உண்டு, தள்ளினால் படுக்கையறை குறையும்.

மூன்றாவது, வெப்பம். 1995 ஜூலையில் சிகாகோ வெப்ப அலையில் 700க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் பலர் தனியாக இருந்த முதியவர்கள். 2022 மே மாதம் அதே ஊரின் ராஜர்ஸ் பார்க் பகுதியில் ஒரு முதியோர் குடியிருப்பில் மூன்று பெண்கள் இறந்தார்கள். வெளியே வெயில் ஏறிவிட்டது, உள்ளே ஹீட்டிங் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பழைய கட்டடங்கள் பலவற்றில் சூடும் குளிரும் ஒரே குழாய் அமைப்பில் ஓடுகின்றன. பருவத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்ற வேண்டும், நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. புதுப்பிப்புத் திட்டம் அந்த அமைப்பைத் தொடுகிறதா, இல்லை கேபினட்டும் தரையும் பெயின்டும் மட்டும்தானா? பின்னது என்றால் பதினைந்து வருடத்தில் இதே விசாரணைக்கு மறுபடி வர வேண்டியிருக்கும்.

இதற்காகப் புதுப்பிப்பு என்றாலே மட்டம் என்று சொல்ல முடியாது. சிகாகோ வீட்டுவசதி வாரியம் 2000இல் தொடங்கிய பெரிய மாற்றத் திட்டத்தில் குடும்பங்கள் இருந்த உயர்ந்த கோபுரங்களை இடித்துத் தள்ளியபோதும், முதியோர் கட்டடங்களைப் பெரும்பாலும் இடிக்காமல் புதுப்பித்தது. கட்டமைப்பு நன்றாக இருந்து, லிஃப்ட், குழாய், குளிரூட்டல் மூன்றும் பட்டியலில் இருந்தால் இது மதிக்கத்தக்க வழிதான்.

எல்லாவற்றையும் இடித்துவிட்டு ஒரே மூச்சில் கட்டுவது

பொறியாளருக்கும் கணக்காளருக்கும் பிடித்தது இது. வரைபடம் சுத்தமாக இருக்கும், ஒரு வீட்டுக்கு ஆகும் செலவும் கட்டம் கட்டமாகக் கட்டுவதைவிடக் குறையும், 80 இருந்த இடத்தில் 150, 160 வரும். விலை கொடுப்பவர்கள் அந்த 72 பேர்.

சட்டம் அவர்களைக் கைவிடவில்லை. மத்திய அரசின் பணம் இருந்தால் 1970ஆம் ஆண்டின் இடமாற்ற உதவிச் சட்டம் வரும்: 90 நாள் எழுத்து அறிவிப்பு, சாமான் மாற்றும் செலவு, நிரந்தரமாக வெளியேற்றப்பட்டால் வாடகை வித்தியாசத்துக்கு 42 மாதக் கணக்கில் உதவி. தற்காலிக மாற்றம் ஒரு வருடத்தைத் தாண்டினால் நிரந்தர இடமாற்ற உதவியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் தர வேண்டும். ஆனால் வேறு மாநிலத்தில் மகள் வீட்டுக்குப் போன பாட்டி மூன்று வருடம் கழித்துத் திரும்பி வருவது அபூர்வம். பழகிய மருத்துவர், பஸ் ரூட், காலையில் கதவு திறக்கவில்லை என்றால் தட்டிப் பார்க்கும் எதிர்வீட்டுக்காரர் எல்லாம் போய்விடும். திரும்பி வரும் உரிமை இருக்கிறது என்று அறிக்கையில் எழுதியிருந்தால் போதாது. எந்தச் சட்டத்தின் கீழ், மறுபடி வருமானச் சோதனை, கடன் வரலாற்றுச் சோதனை உண்டா இல்லையா என்று கேட்க வேண்டும். பொது வீடுகளைச் செக்‌ஷன் 8 என்ற மத்திய வாடகை உதவி ஒப்பந்தத்துக்கு மாற்றும் ராட் திட்டத்தில் திரும்பும் உரிமையும் மறுசோதனைத் தடையும் எழுத்திலேயே இருக்கின்றன. எல்லாத் திட்டமும் அப்படியில்லை. பழைய பொது வீடுகளை இடித்துக் கட்ட மத்திய அரசு 1992இல் தொடங்கிய ஹோப் 6 திட்டத்தின் காலத்தில், இடித்த ஒவ்வொரு பொது வீட்டுக்கும் ஒன்று கட்ட வேண்டும் என்ற விதியையே 1995இல் நிறுத்திவைத்து 1998இல் நீக்கினார்கள்.

பணம் வேறு இருக்கிறது. இந்தக் கட்டடங்கள் ஒரே கடனில் எழுவதில்லை. குறைந்த வாடகை வீடுகளுக்காக 1986இல் வந்த மத்திய வரிச் சலுகை, மாநிலப் பத்திரம், நகரத்தின் கடன், வங்கிக் கடன் என்று ஐந்தாறு இடத்துப் பணம் ஒன்றாகக் கூட வேண்டும். வரிச் சலுகையில் 9 சதவீத வகைக்குக் கடும் போட்டி. ஒரு சுற்றில் கிடைக்காவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருப்பு. அதற்குள் ஆட்களை வெளியேற்றி இடித்தும் விட்டால்?

சான் பிரான்சிஸ்கோவின் இன்டர்நேஷனல் ஹோட்டல் கதை இங்கே ஞாபகம் வரும். கியர்னி தெருவில் வயதான பிலிப்பினோ, சீனத் தொழிலாளர்கள் குறைந்த வாடகைக்கு இருந்த இடம். வெளியேற்றும் உத்தரவை நிறைவேற்ற முதலில் மறுத்ததற்காக ஷெரிஃப் ரிச்சர்ட் ஹொங்கிஸ்டோவே சில நாள் சிறையில் இருந்தார். கடைசியில் 1977 ஆகஸ்ட் 4 அதிகாலையில், ஆயிரக்கணக்கானோர் கைகோத்து நின்றும், வெளியேற்றம் நடந்தது. 1979இல் இடித்தார்கள். அதே இடத்தில் முதியோருக்கான புதுக் கட்டடம் திறந்தது 2005இல். அது தனியார் நிலம், அரசின் மறுகட்டுமானம் இல்லை, ஒப்பீடு முழுதாகப் பொருந்தாது. ஆனாலும் இடிப்புக்கும் கட்டுவதற்கும் நடுவே எவ்வளவு காலம் ஓட முடியும் என்பதற்கு 26 வருடம் ஒரு பதில்.

அதனால் இந்த வழிக்கு நான் ஒரு நிபந்தனையோடுதான் சரி சொல்வேன்: எல்லா நிதியும் கையெழுத்தாகும்வரை இடிப்பு அனுமதி கிடையாது, கடைசிக் குடியிருப்பாளரை வெளியேற்றவும் கூடாது. கலிஃபோர்னியாவில் 2019இன் எஸ்பி 330 சட்டம் இந்தத் திசையில் ஓர் அடி வைத்திருக்கிறது. கட்டுமானம் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்புவரை குடியிருக்க விட வேண்டும், குறைந்த வருமானக்காரர்களுக்குப் புது வீட்டில் கட்டுப்படியாகும் வாடகையில் முதல் உரிமை தர வேண்டும். நிலநடுக்கத்தில் நிற்காது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்த கட்டடம், அசைய இடமே இல்லாத சின்ன மனை, இந்த மாதிரி இடங்களில் வேறு வழியும் இல்லை.

கட்டம் கட்டமாக

முன்னால் கிடக்கும் பார்க்கிங் தளத்தில் முதல் கட்டடத்தை எழுப்புவது, ஆட்களை நேராக அதற்குள் மாற்றுவது, அப்புறம் பழையதை இடித்து இரண்டாவதைக் கட்டுவது. ஒரே ஒரு தடவை சாமான் கட்டினால் போதும், அதுவும் நூறு அடி தூரத்துக்கு. தபால் முகவரி, பஸ் நிறுத்தம், மருந்துக்கடை எதுவும் மாறாது. இடம் இருந்தால் எனக்கு இதுதான் முதல் தேர்வு.

குறைகள் உண்டு, சின்னக் குறைகளும் இல்லை. மொத்த வேலை நாலைந்து வருடம் இழுக்கும். கிரேன், தற்காலிக வேலி, அலுவலகம் எல்லாம் இரண்டு தடவை. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் இரைச்சலிலிருந்து தப்பிப்பார்கள், இங்கே இருப்பவர்கள் நாள் முழுக்க வீட்டில்தான். ஜன்னலுக்கு வெளியே அஸ்திவாரக் கம்பம் இறக்கும் சத்தம் காலை ஏழுக்கா, ஒன்பதுக்கா என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். தூசி வரும்போது ஜன்னலை மூடினால் குளிரூட்டி வேண்டும், அதை யார் வாங்கித் தருவார்கள்?

இதைவிடப் பெரிய ஆபத்து இரண்டாம் கட்டம் வராமலே போவது. முதல் கட்டம் முடிந்து நாடா வெட்டியதும் எல்லோருக்கும் வேகம் குறைந்துவிடும், அடுத்த நிதிச் சுற்று கைகூடாமல் போகும். அதனால் ஓர் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்: முதல் கட்டத்தின் வீடுகள் இப்போது குடியிருப்பவர்களின் எண்ணிக்கைக்குக் குறையாமல் இருக்கின்றனவா? நம் இடத்தில் அது 72. முதல் கட்டம் 50 வீடு என்றால், 22 பேர் பாதி காலியான பழைய கட்டடத்திலோ வேறு எங்கேயோ இரண்டாம் கட்டத்துக்குக் காத்திருப்பார்கள். கட்டம் கட்டமாக என்று பெயர் வைத்துக்கொண்டு அந்த 22 பேரிடம் இடிப்புத் திட்டத்தின் வேலையைச் செய்கிறது அது.

வாடகைக் கணக்கு

எந்த வழியானாலும் இதை விட்டுவிடக் கூடாது. பழைய கட்டடத்தில் செக்‌ஷன் 8 அல்லது 202 உதவி இருந்தால், குடியிருப்பவர் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் கொடுப்பார். வருமானம் குறைந்த முதியோருக்கான எஸ்எஸ்ஐ உதவித்தொகை மட்டும் வாங்கும் தனிநபருக்கு மத்திய அரசின் தொகை 2025இல் மாதம் 967 டாலராக இருந்தது, வாடகைப் பங்கு 290 டாலர் அளவில் வந்தது. புதுக் கட்டடம் வரிச் சலுகையில் மட்டும் எழுந்தால் வாடகை அவருடைய வருமானத்தைப் பார்க்காது, வட்டாரத்தின் நடுத்தர வருமானத்தைப் பார்க்கும். ஒருவருக்கான நடுத்தர வருமானம் வருடம் 80,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 50 சதவீத அளவுகோலில், அதாவது 40,000 டாலரில் 30 சதவீதம் என்ற கணக்கில், சின்ன ஒற்றை அறை வீட்டுக்கு மாதம் 1,000 டாலர். இரண்டையுமே அறிக்கை "கட்டுப்படியாகும் வாடகை" என்றுதான் எழுதும். பழைய உதவி ஒப்பந்தம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறதா, எத்தனை வீடுகளுக்கு, எத்தனை வருடத்துக்கு என்று கேட்காமல் விட்டால், திரும்பும் உரிமை உள்ளவர் வாடகையைப் பார்த்துவிட்டுத் தானாகவே வராமல் இருந்துவிடுவார்.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் சில திட்டங்கள் நிலத்தின் ஒரு பகுதியைச் சந்தை விலை வீடுகளுக்குக் கொடுக்கின்றன. நான் அதை எதிர்க்க மாட்டேன், பணம் எங்கிருந்தாவது வர வேண்டும். ஆனால் விற்பது வேறு, நீண்ட காலக் குத்தகைக்கு விடுவது வேறு. விற்ற நிலத்தைப் பிறகு நகரம் திரும்ப வாங்குவது அபூர்வம்.

அக்கம்பக்கத்தார் கேட்கும் "ஒரு மாடி குறையுங்கள்" என்ற வழியும் உண்டு. ஒரு மாடியில் 20 வீடு போகும். நிலம், லிஃப்ட், அஸ்திவாரம், வடிவமைப்பு, வக்கீல் செலவு எதுவும் அந்த விகிதத்தில் குறையாது, மிச்ச வீடுகளின் தலையில் விழும். கலிஃபோர்னியாவில் முழுக்கக் குறைந்த வாடகைத் திட்டங்களுக்கு, பெரிய போக்குவரத்து நிலையத்துக்கு அரை மைலுக்குள் இருந்தால், 2020இலிருந்தே கூடுதலாக மூன்று மாடி வரை மாநிலச் சட்டம் தருகிறது. அதே தூரத்துக்குள் நகரம் குறைந்தபட்சப் பார்க்கிங் கேட்க முடியாது என்று 2022இல் இன்னொரு சட்டம் வந்தது. அங்கே விசாரணையில் பேசக் கிடைக்கும் மூன்று நிமிடத்தை உயரத்துக்குச் செலவழிப்பது பெரும்பாலும் வீண்.

எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரு வழி என்று சுற்றுச்சூழல் அறிக்கைகளில் கட்டாயம் எழுதுவார்கள். அதில் முடிவெடுப்பது பாய்லர், அது நின்றுபோகும் நாளில்.

எங்கே, எப்போது பேசுவது

கலிஃபோர்னியாவில் சீக்வா என்ற மாநிலச் சுற்றுச்சூழல் சட்டப்படி வரைவு அறிக்கை வந்தால் குறைந்தது 30 நாள், மாநில அலுவலகத்துக்கும் போகும் அறிக்கை என்றால் 45 நாள் கருத்துச் சொல்லலாம். மத்தியப் பணம் இருந்தால் அந்தச் சுற்றுச்சூழல் அறிவிப்புக்கு 15 நாள் மாதிரி மிகக் குறுகிய அவகாசம்தான். ஆனால் குறைந்த வாடகைத் திட்டங்கள் பலவற்றுக்கு இப்போது சீக்வாவிலிருந்தே விலக்கு உண்டு. 2017இன் எஸ்பி 35க்குப் பிறகு விதிகளுக்குப் பொருந்தினால் விசாரணையே இல்லாமல் அனுமதி கிடைக்கும் வழியும் இருக்கிறது. வீடு கட்டுவது வேகமாகும் என்பதால் எனக்கு அதில் வருத்தமில்லை. ஆனால் பேசும் இடம் மாறிவிட்டது. நகரம் தன் நிலத்தையோ கடனையோ கொடுக்கும்போது நகர மன்றம் ஓட்டுப் போட வேண்டும். இடமாற்றத் திட்டம் என்று ஒரு தனி ஆவணமும் வரும், கலிஃபோர்னியாவில் அதைக் குடியிருப்போர் படித்துப் பார்க்க 30 நாள் தர வேண்டும். நிபந்தனைகள் உட்கார வேண்டியது அந்த இரண்டு தாள்களில்.

குடியிருப்போர் அந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். இரவு ஏழு மணிக் கூட்டம், கேட்காத மைக், சீனமோ ஸ்பானிஷோ மட்டும் தெரிந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லை. குடியிருப்பின் பொது அறையிலேயே பகல் இரண்டு மணிக்கு ஒரு கூட்டம் வைக்கச் சொல்லி முதல் கடிதத்திலேயே கேட்கலாம். நகரங்கள் இதற்கு மறுப்பது குறைவு, யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம்.

நம் கற்பனை இடத்துக்கு நான் எழுதும் கடிதம் இப்படி இருக்கும்: கட்டம் கட்டமாகக் கட்டுவதை ஆதரிக்கிறேன், முதல் கட்டம் 72 வீட்டுக்குக் குறையக் கூடாது, அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு வேண்டும், இப்போதைய உதவி ஒப்பந்தம் 72 பேருக்கும் தொடர வேண்டும், முதல் கட்டத்தில் கடைசி ஆள் குடியேறும்வரை பழைய கட்டடத்துக்கு இடிப்பு அனுமதி கூடாது, கம்பம் இறக்கும் வேலை காலை ஒன்பதுக்கு முன் கூடாது. பார்க்கிங் தளம் இல்லாத மனையாக இருந்தால் முதல் வரியை மாற்றி, லிஃப்டும் குழாயும் குளிரூட்டலும் சேர்ந்த முழுப் புதுப்பிப்பு என்று எழுதுவேன். அதற்கும் பொறியாளர் முடியாது என்று கணக்கோடு காட்டினால்தான் இடிப்பு. கடிதத்தின் நகலைக் குடியிருப்போர் சங்கத்துக்கு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள், அவர்கள் கேட்பது வேறாக இருந்தால் அதற்கேற்ப மாற்ற நேரம் இருக்கும்.